சர்நேம் இல்லாத ஊருக்கு ஒய் சோதனை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், எச்சிலை எடுத்து அனுப்பினால் போதும், வம்சாவளி தானாக வந்துவிடும் என்கிற ரீதியில் ஒரு கட்டுரை வந்திருந்தது. காலையில் காபியோடு படித்தேன், மதியம் வரை மனது ஆறவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். அதில் இருந்தது பொய் என்று சொல்ல வரவில்லை. வெள்ளைக்காரர்கள் சர்நேமை, அதாவது பரம்பரையாக வரும் குடும்பப் பெயரை, வைத்து முன்னோரைத் தேடும்போது டி.என்.ஏ. சோதனை எப்படிக் கைகொடுக்கிறது என்று எழுதியவர், அவர்களுக்கு அது ஏன் கைகொடுக்கிறது என்பதை விட்டுவிட்டார். அதைச் சொல்லாவிட்டால் நம் ஆட்கள் பணத்தைத்தான் தொலைப்பார்கள். எங்கள் வீட்டிலேயே ஒருவன் தொலைத்தான்.

என் அண்ணன் மகன். கோயம்புத்தூரில் வேலை. ஒரு கம்பெனிக்கு 18,000 ரூபாய் கட்டி, கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து அனுப்பி, ஏழு வாரம் காத்திருந்து, வந்த பதிலைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான்: "நாம எல் வம்சம்." பெரியப்பாவுக்கு 88 வயது. "என்னது, எள்ளா?" என்று திருப்பிக் கேட்டார். ஒய் குரோமோசோமில் எல் என்று பெயர் வைத்திருக்கிற கிளை பல ஆயிரம் வருடம் பழையது, தென்னிந்தியாவில் ஊர் சாதி வித்தியாசமில்லாமல் பரவிக் கிடக்கிறது. தாத்தாவின் தாத்தா யார் என்று தெரிந்துவிடும் என நம்பிப் பணம் கட்டியவனுக்கு ஓர் எழுத்து கிடைத்தது.

நான் 34 வருடம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுத்தவள், பழக்கதோஷத்தில் கொஞ்சம் பாடம் நடத்திவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. எனக்குக் கிடையாது, எங்கள் அப்பா வழியைப் பார்க்க வேண்டுமென்றால் அண்ணன்தான் வாயைத் திறக்க வேண்டும். மற்ற குரோமோசோம்கள் தலைமுறைக்குத் தலைமுறை சீட்டுக்கட்டு மாதிரி கலைந்துவிடும், இது மட்டும் ஏறக்குறைய அப்படியே இறங்கும். இங்கிலாந்தில் சர்நேமும் அதே மாதிரி அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு, சுமார் 600, 700 வருடமாக இறங்கி வருகிறது. பெயரும் ஒய்யும் ஒரே வண்டியில் ஏறி வருகின்றன, அவ்வளவுதான் சூட்சுமம். வழியில் ஒய்யில் சின்னச் சின்ன மாற்றம் விழும்: ஒரு துண்டு அப்பாவிடம் 13 தடவை அடுத்தடுத்து வந்தால், எப்போதாவது மகனிடம் அது 14 ஆகிவிடும். இப்படி எண்ணிப் பார்க்கிற இடங்களைத்தான் மார்க்கர் என்கிறார்கள். இரண்டு பேருக்கு எத்தனை மார்க்கரில் வித்தியாசம் என்று பார்த்து, எப்போது பிரிந்த கிளைகள் என்று சொல்வார்கள், அதுவும் குத்துமதிப்பாகத்தான்.

புத்தகத்தில் படித்த இதை நேரில் பார்த்தது போன வருடம். மகள் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறாள், ஆறு மாதம் போய் இருந்தேன். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், அபூர்வமான சர்நேம், அந்தப் பெயர்க்காரர்களையெல்லாம் உலகம் முழுக்கத் தேடிச் சேர்ப்பதே அவருக்கு வேலை. ஒரு நாள் பெரிய பிஸ்கட் டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் இரண்டு தாள்களை விரித்தார். ஒன்று அவருடையது, இன்னொன்று ஆஸ்திரேலியாவில் இருக்கும் அதே சர்நேம்காரர் ஒருவருடையது. ஒவ்வொன்றிலும் 37 எண்கள். 13, 24, 14, 11 என்று தொடங்கியது. "இதெல்லாம் மேற்கு ஐரோப்பாவில் எக்கச்சக்கம் பேருக்கு இருக்கும், முதல் 12 ஒத்துப்போனது என்று யாராவது குதித்தால் நம்பாதீர்கள்" என்றார். பிறகு பென்சிலால் வட்டம் போட்டிருந்த ஒரு கட்டத்தைக் காட்டினார். 37-ல் அந்த ஒன்று மட்டும் இவருக்கு 17, அவருக்கு 18.

நான் கேட்டேன், இதை வைத்தா உறவைக் கண்டுபிடித்தீர்கள் என்று. சிரித்தார். டப்பாவில் மீதி இருந்ததெல்லாம் சர்ச் பதிவேட்டு நகல்கள். அங்கே ஒவ்வொரு சர்ச்சிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று 1538-லேயே உத்தரவு போட்டுவிட்டார்கள். அதைத்தான் இவர் 30 வருடமாகத் தோண்டியிருக்கிறார். ஒரே கிராமத்தில் இரண்டு அண்ணன் தம்பிகள், தம்பியின் பேரன் கப்பல் ஏறியவனாக இருக்கலாம் என்று ஒரு சந்தேகம், நடுவில் ஒரு தலைமுறைக்குக் காகிதம் இல்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் பஞ்சுக்குச்சி. சோதனை அவருக்கு எந்தப் பெயரையும் சொல்லவில்லை, நீ நினைத்தது சரியாக இருக்கலாம் என்று தலையை ஆட்டியது.

எல்லா சர்நேமுக்கும் இது நடக்காது. 2000-ல் ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானி பிரையன் சைக்ஸ் தன் பெயருள்ளவர்களையே சோதித்துப் பார்த்தார். சைக்ஸ் என்ற பெயர் பல இடங்களில் தனித்தனியாகத் தோன்றியது என்றுதான் அதுவரை எழுதிவைத்திருந்தார்கள், ஆனால் சோதித்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஒரே ஒய். லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் 40 சர்நேம்களை எடுத்துப் பார்த்தபோது, அட்டன்பரோ மாதிரி அபூர்வமான பெயர்க்காரர்களில் பெரும்பாலோர் ஒரே கொடியில் வந்தவர்கள், ஸ்மித் என்பவர்களிடையே ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஸ்மித் என்றால் கொல்லர், ஊருக்கு ஊர் கொல்லர் பட்டறை இருந்ததே.

இன்னொரு சங்கதி, பெயர் ஒரு பக்கமும் ஒய் ஒரு பக்கமுமாகக் கொடி அறுந்து போவது. சைக்ஸ் கணக்கில் தலைமுறைக்கு 1.3 சதவீதம். மனைவி வேறொருவரிடம் பெற்றாள் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், தத்து எடுத்திருக்கலாம், அம்மாவின் சர்நேமைப் பிள்ளைக்கு வைத்திருக்கலாம், சொத்துக்காக மாமனார் பெயரை மாப்பிள்ளை ஏற்றிருக்கலாம். லெஸ்டரிலேயே இதற்கு ராஜ உதாரணம் இருக்கிறது. 1485-ல் போரில் செத்த இங்கிலாந்து ராஜா மூன்றாம் ரிச்சர்டின் எலும்பு 2012-ல் ஒரு கார் பார்க்கிங்குக்கு அடியில் கிடைத்தது. அம்மா வழியாக மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை, அவருடைய அக்கா வழியில் 17 தலைமுறை தள்ளி வந்த லண்டன் மரவேலைக்காரர் ஒருவரோடு ஒத்துப் பார்த்தார்கள், பொருந்தியது. அப்பா வழிக்கு ராஜாவின் கொள்ளுத் தாத்தாவுக்கும் மேலே மூன்றாம் எட்வர்ட் வரை ஏறி, அங்கிருந்து இன்னொரு கிளையில் இறங்கி, சாமர்செட் என்ற சர்நேம் உள்ள ஐந்து பேரைப் பிடித்தார்கள். நாலு பேருக்கு ஒரே ஒய், ஐந்தாமவருக்கு வேறு, ராஜாவோடு ஐந்து பேரில் ஒருவருக்கும் பொருந்தவில்லை. எங்கேயோ அறுந்திருக்கிறது. எங்கே என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இதில் வேடிக்கை, சாமர்செட் என்கிற சர்நேமே கல்யாணத்துக்கு வெளியே பிறந்த ஒரு மகன், அப்பாவுடைய பட்டத்தை எடுத்து வைத்துக்கொண்ட பெயர். அங்கே பெயர் மாறியதே தவிர ஒய் மாறியிருக்கக் காரணமில்லை.

அமெரிக்காவில் ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் கதையும் அப்படித்தான். அவருக்கு வாரிசாக மகன் தங்கவில்லை, சித்தப்பா பெரியப்பா வழி ஆண்களின் ஒய்யை எடுத்து, அடிமையாக வைத்திருந்த சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்கு அவர்தான் அப்பாவா என்று பார்க்க, அவளுடைய கடைசி மகன் வழியில் வந்தவரோடு 1998-ல் ஒப்பிட்டார்கள். பொருந்தியது. ஆனால் அந்த ஒய் ஜெஃபர்சன் வீட்டு ஆண்கள் எல்லாருக்கும் பொது, தம்பி ராண்டால்ஃபுக்கும் சேர்த்து. அவள் கருத்தரித்த காலங்களில் தாமஸ் ஊரில் இருந்தார் என்பதைக் குறிப்பேடுகள்தான் சொல்லின.

சரி, நம்ம கதைக்கு வருவோம். அந்த டிரைவர் என்னிடம் "உங்கள் சர்நேம் என்ன?" என்று கேட்டபோது விழித்தேன். பாஸ்போர்ட்டில் இருப்பது என் கணவர் பெயர். அதற்கு முன் என் இனிஷியல் அப்பா பெயர். மகளுக்கு என் கணவர் பெயர், மருமகனுக்கு அவருடைய அப்பா பெயர், பேரனுக்கு மருமகன் பெயர். அவர் தாளில் எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டு, "ஒரு வீட்டுக்குள் இத்தனை சர்நேமா!" என்றார், பிறகு வேல்ஸ்காரர்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் என்று அவரே சொன்னார். அங்கே 'அப் ரீஸ்' என்றால் ரீஸின் மகன், அது பிறகு பிரைஸ் என்று உறைந்துபோனதாம், 'அப் ஹவல்' பவல் ஆனதாம். நம் இனிஷியலும் அந்த 'அப்'தான், இன்னும் உறையவில்லை. பேரனுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைகள் அங்கேயே இருந்தால் மருமகன் பெயர் சர்நேமாக உறைந்துவிடும்.

தென்னாப்பிரிக்காவில் ஏற்கெனவே உறைந்துவிட்டது. 1860-லிருந்து நாட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வாரிசுகள் ஊர் தேடி வருகிறார்கள். கவுண்டர் கோவெண்டர் ஆகி, முதலியார் மூட்லி ஆகி நிற்கிறது, அதை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது, அவையெல்லாம் ஸ்மித் மாதிரி. ஆனால் கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், அப்பா பெயர், வயது, ஜில்லா, ஊர் என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் பிடித்து ஊருக்கு வந்து, இவர்தான் பங்காளி என்று ஒருவரைக் காட்டிய பிறகு ஒய் சோதனை செய்தால் அர்த்தமுண்டு.

பங்காளி என்கிற சொல்லைப் பாருங்கள். அப்பன் வழி ஆண்கள், அவர்களுக்கு ஒரே குலதெய்வம், பெண் கட்டிக் கொடுத்தால் அவள் புருஷன் வீட்டுச் சாமிக்குப் போய்விடுவாள். ஒய் இறங்கும் பாதையும் இதுதானே. நம்மிடம் சர்நேம் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது குலதெய்வக் கோயில், எங்களுக்கு அது சாஸ்தா கோயில். கட்டுரையாளர் இதைத் தொட்டிருந்தால் அண்ணன் மகனின் 18,000 ரூபாய் பிழைத்திருக்கும். ஒரே சாமி கும்பிடுகிறவர்களில் நாலு கிளையிலிருந்து, கிளைக்கு ஒருவராகச் சோதித்தால் ஏதாவது தெரியும், தனி ஆளாகச் செய்தால் எல்தான். அதையும் நாலு பேரும் சம்மதித்த பிறகு செய்ய வேண்டும், ஒருவனின் எச்சிலில் எல்லார் வீட்டுச் சங்கதியும் இருக்கிறது. டி.என்.ஏ. சோதனை நடத்தும் அமெரிக்காவின் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023-ல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடுபோயின, 2025 மார்ச்சில் அது திவால் மனுவும் போட்டது.

அண்ணன் மகனுக்கு நான் சொன்னது, முதலில் வரி நோட்டைப் பார். எங்கள் சாஸ்தா கோயிலில் பங்குனி உத்திரத்துக்குத் தலைக்கட்டு வரி வாங்கி ஒரு நோட்டில் எழுதுவார்கள், இன்னார் மகன் இன்னார், இத்தனை ரூபாய், ஊர் மாறியிருந்தால் புது ஊர். இந்த வருடம் போனபோது பூசாரியிடம் கேட்டு வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்தோம். 1961-லிருந்து இருக்கிறது, முதல் எட்டுப் பக்கம் கரையான் தின்றது போக. கொழும்புக்குப் போய்த் திரும்பாத ஒருவர் பெயருக்கு நேரே பத்து வருடம் 'பாக்கி' என்றே எழுதியிருந்தார்கள், அப்புறம் அவர் பெயர் இல்லை. பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தவர், "இவன் என் தாத்தாவுக்குத் தம்பி பேரன்லா" என்று அந்தத் தாத்தாவின் பெயரையும் சொன்னார். அண்ணன் மகன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டான். என் பெயர் நோட்டில் எங்கேயும் இல்லை, இருக்கவும் செய்யாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
பாளையங்கோட்டை.