கையெழுத்தில்லாமல் திரும்பி வந்த படிவங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை எங்கள் பாடசாலையில் எல்லோரும் படித்தோம். தடுப்பூசி போடுங்கள் என்று சொன்ன கட்டுரை, ஏன் என்று சொல்லாமல் விட்டுவிட்டது. எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தாய்மார் கேட்பதோ அதைத்தான்.

இலங்கையில் 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்கு, இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸுக்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசியைப் பாடசாலையிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். போன தடவை என் வகுப்பில் மூன்று பிள்ளைகளின் சம்மதப் படிவம் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் போய்க் கேட்டேன். "இந்த ஊசி போட்டா பின்னாடி புள்ள தங்காதாமே டீச்சர்?" என்றார் ஒரு தாய். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரும் உட்கார்ந்து விளக்கியிருந்தால்தானே!

அவருக்கு நான் சொன்னது இதுதான். நம் உடம்பின் கலங்களில் (செல்களில்) பி53 என்றொரு புரதம் காவல் இருக்கிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் முற்றல் இலையைப் பொறுக்கி எறிகிறார்களே, அது போன்ற வேலை. மரபணு பழுதான கலத்தை அது பெருக விடாது. திருத்த முடியாவிட்டால் அழிய வைக்கும். எச்.பி.வி. வைரஸின் 16ஆம், 18ஆம் வகைகள் ஈ6 என்ற புரதத்தால் அந்தக் காவலையே ஒழித்துவிடுகின்றன. ஈ7 என்ற இன்னொரு புரதம், கலம் பிரிவதைத் தடுக்கும் பிரேக்கைக் கழற்றிவிடுகிறது. அப்புறம் பழுதான கலங்கள் கேட்பாரில்லாமல் பெருகும். இந்தப் புற்றுநோயில் பத்தில் ஏழு இந்த இரண்டு வகைகளால் வருவதுதான். இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்த ஜேர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஊசியில் இருப்பது வைரஸின் வெறும் கூடு. உள்ளே மரபணு இல்லை, அதனால் நோய் தொற்றாது. பிள்ளைப்பேற்றையும் அது கெடுக்காது. உடம்பு அந்தக் கூட்டை அடையாளம் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். இதைக் கேட்டதும் அந்தத் தாய் பேனாவை வாங்கிக்கொண்டார்.

சரி, ஊசி போடாத தாய்மாரின் கதி? தொற்று பெரும்பாலானோருக்கு ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும். தங்கிவிட்டாலும் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து, பதினைந்து வருடமாவது ஆகும். அந்த இடைவெளியில், கருப்பைக் கழுத்திலிருந்து கலங்களை எடுத்துப் பார்க்கும் பெப் பரிசோதனை செய்தால் பிடித்துவிடலாம். 35 வயதுப் பெண்களுக்கு அது சுகவனிதையர் கிளினிக்கில் இலவசம். ஆனால் கிளினிக் நாளில் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், கிடையாது. என் பெரியம்மா அதனால்தான் "அடுத்த மாசம் பார்ப்போம்" என்று தள்ளிக்கொண்டே போனார். இரத்தம் போகத் தொடங்கிய பிறகுதான் கண்டிக்குக் கொண்டுபோனோம். நோய் முற்றியிருந்தது. 54 வயதில் போய்விட்டார்.

அந்த ஒரு நாளுக்குப் பேர் போட வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்கவேண்டும், தோட்ட நிர்வாகங்கள் கொடுக்கவேண்டும். நீங்கள் இந்த விளக்கத்தைப் படங்களோடு, பெரிய எழுத்தில் ஒரு பக்கமாகப் போடுங்கள். வெட்டி எடுத்து லயத்துக்கு லயம் ஒட்டுகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
மஸ்கெலியா.