கர்ப்பவதிப் பதிவேடுகளை அழிய விடாதீர்கள்: கிழக்கின் தாய்சேய் நல ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்தில் தாய்சேய் நல ஆய்வுகளை மேற்கொள்ளும் விரிவுரையாளர்களுக்கும், அங்கே ஆய்வுகளின் ஒழுக்கநெறியை மீளாய்வு செய்வோருக்கும், மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பிராந்தியங்களின் சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறமான படுவான்கரையில் நெடுங்காலமும் பின்னர் கரையோரப் பிரிவொன்றில் சில காலமும், வீடு தேடிச் சென்று தாய்சேய் நலம் கவனிக்கும் குடும்பநல உத்தியோகத்தராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். கர்ப்பகால நலம் பற்றியும் குழந்தைகளின் ஆரம்பகால வளர்ச்சி பற்றியும் நம் பகுதியில் ஆய்வுகள் நடைபெறுவது மகிழ்ச்சிக்குரியது. மாணவர்கள் வினாக்கொத்துகளுடன் கிளினிக்குக்கு வரும்போது அவர்களுக்குத் தாய்மாரை அறிமுகப்படுத்தி வைத்தவர்களில் நானும் ஒருத்தி. ஆயினும், அடுத்த வினாக்கொத்தைத் தயாரிப்பதற்கு முன்பாக, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் ஏற்கெனவே கிடக்கும் கர்ப்பவதிப் பதிவேடுகளையும் பிறப்பு, குழந்தை வளர்ச்சிப் பதிவேடுகளையும் அழியாமல் காப்பாற்றி, அவற்றைக் கொண்டு மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இவ்விரு மாவட்டங்களுக்கும் உரிய நீண்டகால ஆய்வொன்றைத் தொடங்குங்கள் என்பதே உங்களிடம் நான் வைக்கும் கோரிக்கை.

இப்பதிவேடுகளில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். எவ்வளவு இருக்கிறது என்பதை எழுதியவர்களே நன்கறிவோம். ஒரு பெண் கருவுற்றுப் பதிவுக்கு வரும்போது அவளுடைய வயது, உயரம், நிறை, கடைசி மாதவிடாய்த் திகதி, முன்னைய பிரசவங்கள், தவறிய கருக்கள், சொந்தத்துக்குள் திருமணமா என்பன எழுதப்படுகின்றன. அதன்பின் கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் குருதியமுக்கம், சிறுநீர்ச் சோதனை, ஹீமோகுளோபின், சீனியின் அளவு, வயிற்றின் வளர்ச்சி ஆகியவை சேருகின்றன. பிரசவத்தின் பின் பிள்ளையின் பிறப்பு நிறையும், வீடு தேடிச் சென்று பார்த்தபோது தாய்ப்பால் எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதும், பிறகு மாதாமாதம் நிறுத்த நிறையும் வருகின்றன. மாத முடிவில் நாங்கள் மேலிடத்துக்கு அனுப்புவது கூட்டுத்தொகைகளையே: இத்தனை பதிவுகள், இத்தனை பிரசவங்கள், இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த இத்தனை பிள்ளைகள். அந்தத் தொகைகள் கொழும்பு வரை போகின்றன. எந்த உயரமும் எந்த நிறையும் கொண்ட தாய்க்கு எத்தகைய பிள்ளை பிறந்து எப்படி வளர்ந்தது என்ற தொடர்போ பதிவேட்டின் அந்த ஒரு வரியிலேயே தங்கிவிடுகிறது. ஆய்வுக்கு வேண்டியது அந்தத் தொடர்புதான். எழுதி முடிந்த பதிவேடுகள் முதலில் அலுமாரிக்கு மேலும் பின்னர் களஞ்சிய அறைக்கும் போகின்றன. கூரை ஒழுகும் அறையொன்றில் கட்டுக்கட்டாக வைக்கப்பட்டிருந்த பதிவேடுகள், ஒரு மாரி முடிந்தபோது தாள்களைப் பிரிக்கவும் முடியாத நிலைக்கு வந்துவிட்டதை நான் அறிவேன். எவரும் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. எங்களுக்கும் அவை வேலை முடிந்த கடதாசிகளாகத்தான் தெரிந்தன.

இத்தகைய கடதாசிகளின் பெறுமதியை உலகம் கண்டுகொண்டது இங்கிலாந்தின் ஹேர்ட்போர்ட்ஷயர் மாவட்டத்தில். எதெல் மார்கரெட் பேர்ன்சைட் என்ற அம்மையார் அங்கே மருத்துவமாதுகளை மேற்பார்வை செய்து வந்தார். 1911 முதல் அம்மாவட்டத்தில் பிறந்த குழந்தைகளின் பிறப்பு நிறையும், ஒரு வயதில் அவற்றின் நிறையும், தாய்ப்பாலா புட்டிப்பாலா கொடுக்கப்பட்டது என்பதும் அவருடைய ஏற்பாட்டில் பேரேடுகளில் எழுதப்பட்டன. பல பத்தாண்டுகள் கடந்த பின் பேராசிரியர் டேவிட் பாக்கரின் குழுவினர் அந்தப் பேரேடுகளைத் தேடியெடுத்து, 1911க்கும் 1930க்கும் இடையில் பிறந்த 5,654 ஆண்கள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று தொடர்ந்து பார்த்தனர். 1989 இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பிறப்பிலும் ஒரு வயதிலும் நிறை மிகக் குறைந்திருந்தவர்களிடையேதான் இதய நோயால் இறந்தோரின் வீதம் மிகக் கூடுதலாக இருந்தது. கருவில் இருந்த காலமும் முதல் வயதும் அறுபது வயதின் இதயத்தோடு தொடர்புடையவை என்ற கருத்து இத்தகைய பதிவுகளின் பலத்தில்தான் நிலைபெற்றது. அவற்றை எழுதிய பெண்களுக்கு, தாங்கள் ஓர் ஆய்வுக்குத் தரவு சேகரிக்கிறோம் என்ற எண்ணமே இருந்திருக்க முடியாது.

இங்கிலாந்தின் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு மைசூரைச் சுட்டிக்காட்டுவேன். அங்குள்ள மிஷன் வைத்தியசாலையொன்றில் 1934 முதல் பிறப்பு விபரங்கள் பாதுகாக்கப்பட்டு வந்தன. 1934க்கும் 1954க்கும் இடையில் அங்கே பிறந்த 517 பேரைத் தேடிக் கண்டுபிடித்துப் பரிசோதித்த ஆய்வு 1996 இல் வெளியானது. பிறப்பில் சிறிதாக இருந்தவர்களிடையே இதய நோய் கூடுதலாகக் காணப்பட்டது. இது இங்கிலாந்தின் முடிவோடு ஒத்துப்போனது. நீரிழிவிலோ படம் மாறியது. ஹேர்ட்போர்ட்ஷயரில் குறைந்த நிறையோடு பிறந்தவர்களே நீரிழிவுக்குக் கூடுதலாக ஆளாகியிருக்க, மைசூரில் நீளம் குறைந்தும் பருத்தும் பிறந்தவர்களிடமும், நிறை கூடிய தாய்மாருக்குப் பிறந்தவர்களிடமும் அந்நோய் மிகுந்திருந்தது. அப்படியானால் ஒரு மண்ணில் எழுதப்பட்ட முடிவை இன்னொரு மண்ணின் தாய்மாருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. காத்தான்குடியிலும் கொக்கட்டிச்சோலையிலும் திருக்கோவிலிலும் சீனி வருத்தம் பரவுவதற்கான வேர் எங்கே இருக்கிறது என்பதை மைசூரின் பதிவேடு முழுமையாகச் சொல்லாது. நம்முடைய பதிவேடு சொல்லக்கூடும்.

நம் மாவட்டங்களில் இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் நிலவிய பஞ்சத்தின்போது கருவிலிருந்தவர்களை ஆம்ஸ்டர்டாம் வைத்தியசாலையொன்றின் பிரசவப் பதிவுகளின் துணையோடு தேடிப்பிடித்து, ஐம்பது வயதை எட்டியபோது பரிசோதித்தார்கள். குளுக்கோசைக் கையாளும் உடலின் திறன் அவர்களிடம் குறைந்திருந்தது. சில மாதப் பஞ்சம் அரை நூற்றாண்டு கழித்தும் உடலில் தெரிந்தது. நம்மிடம் 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி, 1990இன் இடப்பெயர்வு, நாட்டிலேயே மிகுதியான உயிர்களை அம்பாறை மாவட்டத்தில் பறித்த 2004இன் சுனாமி, போரினால் வாகரையும் படுவான்கரையும் வெறிச்சோடிய 2006–07 ஆகியவை வரிசையாக இருக்கின்றன. அண்மையில் 2022இன் பொருளாதார நெருக்கடியையும் கண்டோம். திரிபோஷ என்ற சத்துமா இல்லாமல் தாய்மாரைத் திருப்பி அனுப்பிய நாட்களை இன்று பணியிலுள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நலன்புரி முகாம்களில் கருவுற்ற தாய்மாரைக் கூடாரத்துக்குக் கூடாரம் சென்று நாங்கள் பதிந்தோம். சுனாமிக் காலத்தில் கருவிலிருந்த பெண் பிள்ளைகள் இருபது வயதைக் கடந்து, இப்போது தாங்களே கர்ப்பவதிகளாகக் கிளினிக்குக்கு வருகிறார்கள். இரண்டு தலைமுறைகளை இணைத்துப் பார்க்கும் வாய்ப்பு இந்த ஆண்டுகளில்தான் கைக்கெட்டுகிறது. ஆனாலும் 1987, 1993, 2000 ஆகிய ஆண்டுகளின் தேசிய குடித்தொகை, சுகாதார அளவீடுகளில் வடக்கும் கிழக்கும் பெரும்பாலும் சேர்க்கப்படவில்லை. அக்காலத்து நம் தாய்மாரைப் பற்றி எழுத்தில் எஞ்சியிருப்பவை பெருமளவுக்கு இந்தப் பதிவேடுகளே.

பதிவேடுகளை நம்ப முடியாது என்று ஆய்வாளர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதில் உண்மை இருக்கிறது. தராசுகள் ஒரே தரத்தில் இருக்கவில்லை. நிறைகள் கிட்டிய நூறு கிராமுக்கு எழுதப்பட்டன. கடைசி மாதவிடாய்த் திகதியைத் தைப்பொங்கலையோ நோன்புப் பெருநாளையோ வைத்துக் கணக்கிட்டுச் சொன்ன தாய்மாரும் உண்டு. திகதி பிழைத்தால் என்ன நேரும் என்பதற்கு உங்கள் துறையிலேயே உதாரணம் இருக்கிறது. குறைமாதப் பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீரொயிட் ஊசி கொடுத்தால் பிள்ளையின் சுவாசப்பை முதிர்ச்சியடையும் என்பதை நியூசிலாந்தில் லிகின்சும் ஹோவியும் 1972 இல் காட்டினார்கள். அதே மருந்தை வசதி குறைந்த ஆறு நாடுகளின் கிராமப்புறங்களுக்கு விரிவாக்கிப் பார்த்த ஆய்வு 2015 இல் வெளியானபோது, மொத்தத்தில் சிசு மரணம் கூடியிருந்தது. ஊசி பெற்றவர்களில் பலருக்குப் பிரசவம் உண்மையில் குறைமாதத்தில் நிகழவில்லை. கர்ப்பத்தின் வயதை ஸ்கேன் மூலம் உறுதிசெய்து, நல்ல கவனிப்புள்ள வைத்தியசாலைகளில் உலக சுகாதார ஸ்தாபனம் நடத்திய ஆய்வு 2020 இல் அம்மருந்தின் நன்மையை மீண்டும் நிலைநாட்டியது. எனவே பதிவேட்டின் குறைகளை மறைக்க நான் சொல்லவில்லை. எந்தப் பிரிவில், எந்த ஆண்டில், எந்த விபரம் நம்பத்தக்கது என்று சோதிப்பதையே முதல் ஆய்வாக எடுத்துக்கொள்ளலாம். மாணவர் ஒருவருக்கு அதைவிடப் பயனுள்ள தலைப்புக் கிடைப்பது அரிது. பிறப்பு நிறையைப் பொறுத்தவரை பிரசவம் வைத்தியசாலைக்கு மாறிய காலத்துக்குப் பிந்திய விபரங்கள் பெரும்பாலும் நம்பத்தக்கவை என்பது என் அனுபவம்.

இனி, இதில் மிகக் கவனமாக நடந்துகொள்ள வேண்டிய பகுதிக்கு வருகிறேன். அந்தப் பதிவேடுகளிலுள்ளவை எங்களை நம்பிச் சொல்லப்பட்டவை. மாமியாருக்குத் தெரியாமல் பாவித்த குடும்பக் கட்டுப்பாட்டு முறை, திருமணத்துக்கு முன் கலைந்த கரு, கணவரின் அடி என்று பலவும் அங்கே ஓரிரு எழுத்துகளில் குறிக்கப்பட்டிருக்கின்றன. பெயரை நீக்கிவிட்டோம் என்று சொல்வது நம் ஊர்களில் போதாது. கிராம சேவையாளர் பிரிவும், பிள்ளைகளின் எண்ணிக்கையும், கணவர் கட்டாரில் இருக்கிறார் என்ற குறிப்பும் சேர்ந்தால் அது யார் வீடு என்று முழு ஊரும் சொல்லிவிடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்போது இருக்கிறது. அதன் வரம்புக்குள், இனங்காட்டக்கூடிய விபரங்களை வேறாகப் பூட்டி வைக்கும் ஏற்பாடு முதல் நாளிலேயே செய்யப்பட வேண்டும்.

தாயின் சம்மதம் பெறுவதில் ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து எங்களைக் கொண்டு கேட்க வைக்காதீர்கள். திரிபோஷ கொடுப்பவளும், தடுப்பூசித் திகதியைச் சொல்பவளும், நாளை பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் தேடப்படுபவளும் குடும்பநல உத்தியோகத்தரே. அவர் கையொப்பம் கேட்டால் எந்தத் தாயும் மறுக்க மாட்டார்; அப்படிப் பெறப்பட்ட கையொப்பத்தைச் சம்மதம் என்று எண்ணுவது தவறு. பிரிவுக்கு வெளியிலிருந்து வருபவர் ஒருவர், மறுத்தாலும் கிளினிக்கில் எதுவும் குறையாது என்று விளக்கிச் சொல்லிக் கேட்கட்டும். கண்டுபிடிக்க முடியாத பழைய தாய்மாரின் விபரங்களைப் பயன்படுத்துவதற்கு மீளாய்வுக் குழு அனுமதி தரலாம். அதற்கு முன்பாவது மாதர் சங்கங்களிலும் கோயில், பள்ளிவாசல் நிருவாகங்களிலும் விடயத்தைச் சொல்லி, அவர்களுடைய ஆட்சேபங்களைக் கேளுங்கள்.

முடிவுகள் திரும்பி வருவதும் அவ்வளவு முக்கியம். இரத்தம் கொடுத்தோம், கேள்விக்குப் பதில் சொன்னோம், பிறகு எவரும் வரவில்லை என்பது தாய்மாரிடம் நான் அடிக்கடி கேட்ட குறை. ஆய்வறிக்கை ஆங்கிலத்தில் நூலகத்துக்குப் போவதை எவரும் தடுக்கவில்லை. அதோடு, எந்தப் பிரிவில் ஆய்வு நடந்ததோ அந்தப் பிரிவின் கிளினிக்கில் ஒரு காலைப்பொழுது தமிழில் விளக்கமும், அம்பாறையின் சிங்களத் தாய்மாருக்குச் சிங்களத்தில் விளக்கமும் கட்டாயம் என்று மீளாய்வுக் குழு நிபந்தனை விதிக்கலாம்.

இது நம் நாட்டில் இயலாத காரியமும் அன்று. அநுராதபுர மாவட்டத்தில் ரஜரட்ட பல்கலைக்கழகத்தினர் 2019 இல் கர்ப்பவதிகளைத் திரளாகப் பதிவுசெய்து தொடர்ந்து கவனிக்கும் ஆய்வைத் தொடங்கினார்கள். குடும்பநல உத்தியோகத்தர்களின் வலைப்பின்னல் எல்லா மாவட்டத்துக்கும் பொதுவானது. நமக்கே உரிய வினாக்களும் காத்திருக்கின்றன. வெயிலில் வயல்வேலை செய்யும் கர்ப்பவதிகளின் பிள்ளைகள் நிறை குறைந்து பிறக்கின்றனவா? தாய் மத்திய கிழக்குக்குப் போனபின் அம்மம்மாவிடம் வளரும் பிள்ளையின் வளர்ச்சிக்கோடு எங்கே வளைகிறது? இவற்றை வேறெவரும் வந்து நமக்காகக் கேட்கப் போவதில்லை.

பணிப்பாளர்களிடம் நான் இப்போது கேட்பது சிறிது. உங்கள் பிராந்தியத்திலுள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளுக்கு, மறு அறிவித்தல் வரை பழைய பதிவேடு எதையும் அழிக்க வேண்டாம் என்று ஒரு கடிதம் அனுப்புங்கள். எந்த ஆண்டுப் பதிவேடுகள் எங்கே எந்த நிலையில் உள்ளன என்று ஒரு பட்டியல் கேளுங்கள். பீடத்தினர் அப்பட்டியலை வைத்து ஒரு பிரிவைத் தெரிவுசெய்து ஸ்கேன் செய்யும் வேலையைத் தொடங்கலாம். அப்போது எங்களையும் அழையுங்கள். தமிழும் ஆங்கிலமும் சிங்களமும் கலந்து நாங்களே வகுத்துக்கொண்ட சுருக்கெழுத்துகளால் அந்தப் பக்கங்கள் நிறைந்திருக்கின்றன. அவற்றை வாசித்துச் சொல்லக்கூடிய ஓய்வுபெற்றவர்கள் களுவாஞ்சிக்குடியிலும் ஏறாவூரிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கிறோம். பயணச்செலவு கூட வேண்டாம், உட்கார்ந்து வாசிக்க வெளிச்சமுள்ள ஓர் அறை போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்
படுவான்கரை, மட்டக்களப்பு