பேட்ஜில் பூஜ்ஜியம் என்றால் உடம்பிலும் பூஜ்ஜியமா?

அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் ஒரு தனியார் மருத்துவமனையில் 14 வருடமாக எக்ஸ்-ரே டெக்னீஷியன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணனுக்கு இந்த வருடம் ரத்தப் புற்றுநோய், அக்யூட் மைலாய்டு லுகேமியா. அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, இது நம்ம மிஷினாலதான் வந்துச்சா?"

என்னால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. கதிர்வீச்சால் வந்த புற்றுநோய்க்கென்று தனி அடையாளம் எதுவும் கிடையாது. எவ்வளவு கதிர் வாங்கினார், எந்த வயதில், அதற்கு எத்தனை வருடம் கழித்து நோய் வந்தது, எந்த வகைப் புற்று என்று பார்த்து, இதற்குக் கதிர் காரணமாக இருக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்றுதான் கணக்குப் போட முடியும். அந்தக் கணக்குக்கு முதல் தேவையே வாங்கிய அளவு.

எங்கள் நிர்வாகம் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டது. உடம்பில் விழும் கதிரை அளக்க நாங்கள் அணிய வேண்டிய டி.எல்.டி. பேட்ஜின் ரிப்போர்ட்டில் பூஜ்ஜியம், அதனால் வேலைக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை.

அந்தப் பேட்ஜ் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். மேசை டிராயரில், ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள். நடுராத்திரி எலும்பு முறிவு கேஸ் வந்தால் ஆபரேஷன் நடக்கும்போதே படம் காட்டும் எக்ஸ்-ரே மிஷினான சி-ஆர்மைத் தள்ளிக்கொண்டு ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடுவோம், டப்பாவைத் திறக்க யாருக்கு நேரம், கதிரைத் தடுக்க இருக்கிற இரண்டு லெட் ஏப்ரனும் (ஈய அங்கி) டாக்டர்களுக்கே போய்விடும், அண்ணன் சும்மா சட்டையோடு நின்று படம் எடுப்பார். மூன்று மாதம் கழித்து டப்பாவில் கிடந்த பேட்ஜ் லேபுக்குப் போகும். பூஜ்ஜியம் வரும். லேப் சரியாகத்தான் அளந்தது. ஆனால் அது டிராயருக்குள் விழுந்த கதிர், அண்ணன் மேல் விழுந்தது அல்ல.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒழுங்காகப் பேட்ஜ் போட்டு அளந்திருந்தாலும் அந்தச் சதவீதம் சின்னதாகவே வந்திருக்கலாம். வரட்டும், அண்ணன் ஏற்றுக்கொள்வார். அளக்காததை அளந்ததாகச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவில் அணு ஆயுதத் தொழிலாளர்களுக்காக 2000இல் கொண்டுவந்த சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. சதவீதம் 50ஐத் தொட்டால் இழப்பீடு. அதுவும் கணக்கில் உள்ள சந்தேகத்தையெல்லாம் தொழிலாளி பக்கம் சாய்த்து, அந்தக் கணக்கு தரக்கூடிய மதிப்புகளில் கிட்டத்தட்ட மிக உயர்ந்ததை (99 சதவீத மேல் எல்லை) எடுத்துப் பார்க்கிறார்கள். அளவைக் கணக்கிடவே முடியாத தொழிற்சாலைகளைத் தனிப் பிரிவாக அறிவித்து, அங்கே 250 நாள் வேலை பார்த்தவருக்குக் குறிப்பிட்ட 22 வகைப் புற்றுநோயில் ஒன்று வந்தால் கணக்கே கேட்பதில்லை. பதிவு இல்லாததன் பாரம் அங்கே நோயாளி தலையில் விழுவதில்லை. நம் நாட்டின் 1923ஆம் வருடத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் கதிர்வீச்சு நோய்களைத் தொழில்நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது.

இழப்பீடு உங்கள் கையில் இல்லை என்று தெரியும். அளவுப் பதிவைக் கண்காணிப்பது உங்கள் கையில் இருக்கிறது. வருடக்கணக்காகப் பூஜ்ஜியமே வரும் சி-ஆர்ம் தொழிலாளியின் ரிப்போர்ட்டைப் பார்த்தால் உங்களுக்குச் சந்தேகம் வர வேண்டாமா? ஒரு ராத்திரி சொல்லாமல் வந்து டிராயரைத் திறந்து பாருங்கள். ரிப்போர்ட் ஆபீஸ் ஃபைலோடு நின்றுவிடாமல் எங்கள் ஒவ்வொருவர் போனுக்கும் வரட்டும். பேட்ஜ் போடாத காலத்துக்குப் பூஜ்ஜியம் என்று எழுதாமல் 'அளக்கப்படவில்லை' என்று எழுதச் சொல்லுங்கள்.

அண்ணன் அடுத்த வாரம் நான்காவது கீமோவுக்குப் போகிறார். அவருடைய 20 வருட ரிப்போர்ட் நகல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம், இன்னும் கைக்கு வரவில்லை.

இப்படிக்கு,
ஓர் எக்ஸ்-ரே டெக்னீஷியன்