அண்ணன் கித்தாரில் ஓட்டை போடவில்லை

ரங்கூன்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பாப்பாவுக்கு வரன் அமைந்த சேதியை அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். காது மந்தமாகிவிட்டது, ஆனாலும் உன் பெயரைச் சொன்னால் உடனே நிமிர்ந்து உட்காருகிறார். தேதி குறித்ததும் முதல் பத்திரிகை இங்கேதான் வர வேண்டுமாம். சென்னையில் இரண்டாம் கடற்கரைச் சாலைப் பக்கம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டதை எழுதியிருந்தாய். படித்த அன்று சாயங்காலமே நானும் போய் ஒரு தட்டு சாப்பிட்டேன்.

இங்கே மழை ஓயும் காலம். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடிவதில்லை. ஒத்திகையை அதற்குத் தகுந்தாற்போல் மாற்றி மாற்றி வைக்கிறோம். கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டு பேர் நன்றாகப் பாடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வாசிக்கத்தான் இந்தக் கித்தார் வேலையையே தொடங்கினேன்.

உன் அண்ணன் சிங்கப்பூர் போனபோது என்னிடம் விட்டுவிட்டுப் போன கித்தாரில் ட்ரெமோலோ, அதாவது கம்பிகளின் சுருதியை ஏற்றி இறக்கும் கைப்பிடி, மாட்டியாகிவிட்டதா என்று கேட்டிருந்தாய். மாட்டிவிட்டேன். ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. “அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார், தாராளமாகத் துளை போட்டுக்கொள்” என்று நீ எழுதியது உன் நல்ல மனசு. இங்கே கித்தார் பழுது பார்க்கும் பர்மியப் பெரியவரும் அதையே சொன்னார்: நாலு ஸ்க்ரூ, கொஞ்ச நேர வேலை. எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கித்தார் என் பொறுப்பில் இருக்கிறது, என்னுடையது இல்லை. மரத்தில் போட்ட துளையை அடைக்கலாம், பாலிஷ் போடலாம், ஆனால் பழையபடி ஆக்க முடியாது. நாளைக்கே அண்ணன் வந்து கேட்டாலும், கம்பியைக் கழற்றி, கம்பிகளின் அடி முனையை மாட்டும் பழைய டெயில்பீஸைப் போட்டு, அவர் கொடுத்தபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டுதான் தேட ஆரம்பித்தேன்.

அது லெஸ் பால் வடிவத்து எலெக்ட்ரிக் கித்தார் என்பதால் வழி இருந்தது. அதன் டெயில்பீஸ் மரத்தில் அறைந்ததில்லை. உடம்பில் இறங்கியிருக்கும் இரண்டு போஸ்ட்டுகளின், அதாவது குட்டைத் திருகுகளின், கழுத்தில் செருகி நிற்கிறது, அவ்வளவுதான். கம்பிகளின் இழுவைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பத்து-நாற்பத்தாறு தடிமன் கம்பி செட் போட்டால் ஆறும் சேர்ந்து நாற்பது கிலோவுக்கு மேல் இழுக்கும். அத்தனை சுமையையும் அந்த இரண்டு போஸ்ட்டுகளும் இத்தனை வருஷமாகத் தாங்கிக்கொண்டு இருக்கின்றன. அதே போஸ்ட்டில் ட்ரெமோலோவையும் உட்கார வைக்கலாம் என்று யோசித்தவர்கள் பலர்.

ஜெர்மனியின் டூசன்பெர்க் கம்பெனி செய்யும் லெஸ் ட்ரெம், டெயில்பீஸ் இருந்த இடத்தில் அப்படியே மாட்டிக்கொள்ளும். பார்க்க அடக்கமாக இருக்கும், கனமும் குறைவு. ஸ்டெட்ஸ்பார் என்று ஒன்று உண்டு, அதற்குக் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஃபிளாய்ட் ரோஸ் வகையிலும் மரத்தைக் குடையாமல் மேலேயே பொருத்தும் எஃப்ஆர்எக்ஸ் வந்திருக்கிறது. கம்பியைத் தொளதொளவென்று தொங்கவிட்டு மீண்டும் இழுத்து வாசிக்கிற ஆட்களுக்கு அது. நம் பாட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. நான் எடுத்தது பிக்ஸ்பி. அதை நேராக மாட்டினால் மரத்தில் ஸ்க்ரூ இறங்கும். அதற்காகவே வைப்ராமேட் என்று ஒரு தட்டு விற்கிறார்கள். தட்டு போஸ்ட்டுகளில் உட்காரும், பிக்ஸ்பி தட்டின்மேல் உட்காரும். பாங்காக்கிலிருந்து வந்த ஒரு உறவுக்காரர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

பிக்ஸ்பியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் நிதானம். பால் பிக்ஸ்பி கலிஃபோர்னியாக்காரர். மோட்டார் சைக்கிள் பாகங்களுக்கு வார்ப்பு அச்சு செய்து பழகிய கை. அமெரிக்கக் கித்தார்க் கலைஞர் மெர்ல் டிராவிஸின் கித்தாரில் இருந்த பழைய ட்ரெமோலோ சுருதியில் நிற்கவில்லை என்பதற்காக, 1950-களின் தொடக்கத்தில் இதை வடிவமைத்தார். ஒரு அலுமினிய வார்ப்பு, கம்பி சுற்றிப் போகும் ஒரு உருளை, கைப்பிடிக்கு அடியில் ஒரே ஒரு தடித்த ஸ்பிரிங். கைப்பிடியை அழுத்தினால் சுருதி இறங்கும், விட்டால் ஸ்பிரிங் மேலே தள்ளிவிடும், லேசாகத் தூக்கினால் சற்று ஏறும். அதிக தூரம் போகாது. ஆனால் பல சுரங்கள் சேர்ந்த ஒரு கார்டை முழுதாகப் பிடித்துக்கொண்டு மெல்ல அசைத்தால் தண்ணீரில் விளக்கொளி அசைகிறாற்போல் இருக்கிறது. விரலால் ஒரு கம்பியை வளைக்கலாம், ஆறு கம்பியையும் சேர்த்து எப்படி வளைப்பது?

இந்த ஊரில் இருந்துகொண்டு இந்த ஆசை வராமல் இருக்காது, மாப்ளே. கித்தாரின்மேல் இரும்பை வழுக்கவிட்டுப் பழைய பர்மியப் பாட்டு வாசிப்பவர்களை நாம் சின்ன வயசிலிருந்தே கேட்டிருக்கிறோம். சௌங் என்னும் பர்மிய யாழிலும் இடது கைக் கட்டைவிரலால் கம்பியை அழுத்தித்தான் சுரத்தை ஏற்றுகிறார்கள். நம் கமகமும் இரண்டு சுரங்களுக்கு நடுவில்தான் பிறக்கிறது. நம் பிள்ளைகள் ஒரு வரியை இழுத்து முடிக்கும்போது கித்தார் மட்டும் விறைப்பாக நிற்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

மாட்டிய விதத்தைச் சொல்கிறேன், உன் கித்தாருக்கும் உதவும். முதலில் உடம்பின்மேல் கனமான துணியை விரித்துக்கொள். கம்பியைத் தளர்த்தினால் டெயில்பீஸும் பிரிட்ஜும் கழன்று விழும். பிரிட்ஜை டேப் போட்டு ஒட்டி வைத்துவிடு. தட்டோடு வேறு போஸ்ட் வந்தால் மரையைப் பார்த்து வாங்கு. அமெரிக்கக் கித்தார்களில் அங்குல மரை, கொரியா, சீனாவில் செய்ததில் பெரும்பாலும் மெட்ரிக். மாற்றிப் போட்டு முறுக்கினால் மரத்துக்குள் இருக்கும் புஷ், அதாவது மரைக் குழல், பாழாகும், அப்புறம் ஓட்டை போடவில்லை என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. இன்னொன்று, டெயில்பீஸ் போஸ்ட்டுக்கு உள்ளே எர்த் வயர் வந்து தொட்டுக்கொண்டிருக்கும். புது இரும்பும் அதோடு தொட வேண்டும். ஆம்ப்பை ஆன் செய்து கம்பியைத் தொட்டுப் பார், இரைச்சல் அடங்கினால் சரி.

கம்பி போடுவதில்தான் பிக்ஸ்பி பொறுமையைச் சோதிக்கும். உருளையில் சின்னச் சின்ன ஊசிகள் நீட்டிக்கொண்டு இருக்கின்றன, கம்பி முனையிலுள்ள குண்டின் ஓட்டையை அதில் மாட்ட வேண்டும். கையை எடுத்தால் கழன்று ஓடிவிடும். கம்பியின் முனையை முதலில் ஒரு பென்சிலில் சுற்றி வளைத்துக்கொண்டேன். மாட்டியதும் உருளைக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைத் திணித்தேன். அது கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டது. கம்பி விறைப்பானதும் உருவி எடுத்துவிட்டேன்.

ஆனால் இதெல்லாம் பாதி வேலைதான். மீதிப் பாதி நட்டில், அதாவது கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரக் காடி வெட்டிய சின்னப் பட்டையில், இருக்கிறது, அதை யாரும் முதலில் சொல்வதில்லை. இந்த வடிவத்தில் ஹெட்ஸ்டாக் என்ற தலைப்பகுதி பின்னால் சாய்ந்திருக்கும், நடுவிலுள்ள இரண்டு கம்பிகளும் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் வளைந்து சுருதி முறுக்கும் கடைசிக் கீ வரை போகும். கைப்பிடியை அழுத்தும்போது கம்பி நட் வழியாக முன்னால் நகர்கிறது, விடும்போது திரும்பி வர வேண்டும். காடியில் சிக்கிக்கொண்டால் வராது. மூன்றாவது கம்பியில் “டிங்” என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டால் அதுதான். அந்தக் காடியை மெல்லிய உப்புத்தாள் மடிப்பால் தேய்த்து, பென்சில் கரியைக் குழைத்துப் பூசினேன். கீயில் கம்பியை இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் விடவில்லை. புதுக் கம்பியைக் கையால் இழுத்து இழுத்துப் பழக்கினேன். அதன் பிறகுதான் கித்தார் சுருதியில் நின்றது. ட்ரெமோலோ மேல் பழி போடுகிறவர்களில் பலருக்கு நட்தான் நோய் என்பது என் முடிவு.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஆறு கம்பியும் ஒரே அளவு இறங்காது, மூன்றாவது கம்பி முதல் கம்பியைவிடக் கூடுதலாக இறங்கும். அதனால் கார்டைப் பிடித்து ஆழமாக அழுத்தினால் அபஸ்வரம் தட்டும். லேசாக அசைத்தால் காதுக்கு இதமாக இருக்கும். கித்தாரும் கொஞ்சம் கனம் கூடிவிட்டது, நின்று வாசித்தால் தோளில் தெரிகிறது. இந்த ஊர் ஈரத்தில் ஸ்பிரிங் துருப்பிடிக்காமல் இருக்க, வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து வைக்கிறேன்.

பழைய டெயில்பீஸை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, அண்ணன் பெயரை எழுதி ஒட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன். அவரிடம் பேசும்போது இதைக் கட்டாயம் சொல்லிவிடு. ஒன்றும் சொல்ல மாட்டார் என்றாலும், கேட்காமல் செய்ததாக இருக்கக் கூடாது.

கல்யாணப் பத்திரிகையோடு யாராவது இந்தப் பக்கம் வந்தால், பத்து-நாற்பத்தாறு கம்பி இரண்டு செட்டும் நட்டுக்குப் போடுகிற கிராஃபைட் கிரீஸ் ஒரு ட்யூபும் கொடுத்தனுப்பு. இங்கே கம்பி கிடைக்கிறது, விலைதான் ஏறிக்கொண்டே போகிறது. உன் டெலிகாஸ்டர் கித்தாரின் பிரிட்ஜ் எந்த வகை, எத்தனை ஸ்க்ரூ என்று பார்த்து எழுது. அதற்கும் ஓட்டை போடாத தட்டு இருக்கிறது, ஆனால் பிரிட்ஜைப் பார்க்காமல் வாங்கிவிடாதே.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்