ஏஎஸ்எக்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு சில்லறைப் பங்குதாரரின் திறந்த மடல்

ஆஸ்திரேலியப் பங்குச் சந்தை நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

தமிழில் எழுதினால் உங்கள் மேசைக்கு வந்து சேராது, தெரியும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து லித்தியம், தங்கம் என்று சின்னச் சுரங்கக் கம்பெனிகளில் போட்டு வைத்திருக்கும் பெர்த் நம்மவர்களாவது படிக்கட்டும்.

பிளேஸ்மென்ட் பற்றித்தான், அதாவது கம்பெனி புதுப் பங்குகளை எல்லோருக்கும் விடாமல், தான் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் விற்பது. கனிமம் தேடும் கம்பெனிக்கு வருமானம் கிடையாது. துளை போடுவதிலிருந்து இயக்குநர் சம்பளம் வரை பெரும்பாலும் பங்கு விற்ற காசுதான். அந்தக் காசு எப்போது தீரும் என்பதும் ரகசியமில்லை. காலாண்டுக்கு ஒருமுறை 5பி படிவத்தில் சொல்லியாக வேண்டும், இரண்டு காலாண்டுக்குக்கூடக் காணாது என்றால் அடுத்து என்ன செய்யப்போகிறார்கள் என்றும் எழுத வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அதை எங்களைவிடக் கவனமாகப் படிப்பவர்கள் ஃபண்ட் மேலாளர்கள். கையிருப்பு வற்றும்வரை பொறுத்தால் மலிவாகக் கிடைக்கும்போது, அவர்கள் ஏன் சந்தையில் முழு விலைக்கு வாங்கப்போகிறார்கள்?

அப்புறம் ஒரு நாள் காலை டிரேடிங் ஹால்ட். இரண்டு வர்த்தக நாள்வரை நாங்கள் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. அதற்குள் புரோக்கர் நாலு பேருக்குப் போன் போட்டு விலை பேசி முடித்துவிடுவார். திறக்கும்போது பார்த்தால் தள்ளுபடி விலையில் புதுப் பங்கு, பல சமயம் கூடவே இரண்டு பங்குக்கு ஒன்று என்று இலவச ஆப்ஷன், அதாவது குறித்த விலையில் பின்னால் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை. வாங்கியவர் பங்கை உடனே விற்றுவிட்டு ஆப்ஷனை மட்டும் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம், சட்டத்தில் தடையில்லை. 2023 அக்டோபரில் லயன்டவுன் மாதிரி பெயர்பெற்ற லித்தியம் கம்பெனியே, அதை வாங்க வந்த அமெரிக்க நிறுவனம் அல்பமார்ல் விலகிப்போன பிறகு, 2.79 டாலரில் நின்ற பங்கை 1.80க்குக் கொடுத்தது. பெயர் தெரியாத கம்பெனிகளின் கதையைக் கேட்கவே வேண்டாம்.

உங்கள் 7.1 விதிப்படி 12 மாதத்தில் 15 சதவீதம்வரை பங்குதாரரைக் கேட்காமலே வெளியிடலாம். சிறு கம்பெனி என்றால் ஆண்டுக் கூட்டத்தில் ஒப்புதல் வாங்கி 7.1ஏ-யில் இன்னும் 10 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பத்துக்கு மட்டும் 15 நாள் சராசரி விலையில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்று தளம் வைத்திருக்கிறீர்கள்; முதல் பதினைந்துக்கு அதுவும் கிடையாது.

பிளேஸ்மென்ட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாப் பங்குதாரருக்கும் அவரவர் கையிருப்புக்கு ஏற்ப உரிமைப் பங்கு கொடுக்கப் பல வாரம் ஆகும், பாதிப் பேர் எடுக்காமலும் போகலாம், டிரில் ரிக் அதுவரை காத்திருக்காது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2020இல் கொரோனா சமயத்தில் நீங்களே ஒரு வழி காட்டினீர்கள். 15 சதவீதத்தைத் தற்காலிகமாக 25 ஆக்கி, அந்தச் சலுகையைப் பயன்படுத்தினால் பின்னாலேயே சாதாரணப் பங்குதாரருக்கும் அதே விலையிலோ அதற்குக் கீழோ வாய்ப்புத் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டீர்கள். யாருக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்ற பட்டியலையும் கேட்டு வாங்கினீர்கள். அந்த நவம்பரோடு இரண்டும் போய்விட்டன. ஏன்?

அந்த நிபந்தனையை நிரந்தரமாக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கான பங்கு கொள்முதல் திட்டத்தில் ஆளுக்கு 30,000 டாலர்வரை போட இப்போதே வழி இருக்கிறது, ஆனால் அதை நடத்துவதும் நடத்தாததும் கம்பெனியின் மனசு. நடத்தினாலும் பிளேஸ்மென்ட்டில் முந்திக்கொண்டவர்கள் விற்று விற்று, எங்களுக்குத் திறக்கும் நேரத்தில் சந்தை விலை அதற்கும் கீழே கிடக்கும். அதனால்தான் 'அதற்குக் கீழோ' என்ற சொற்கள் முக்கியம். அவர்களுக்கு ஆப்ஷன் உண்டென்றால் எங்களுக்கும் வேண்டும். அதற்குத் தனியாக ப்ராஸ்பெக்டஸ் என்னும் விவர ஆவணம் எழுத வேண்டும் என்று முனகுவார்கள், எழுதட்டுமே, புரோக்கருக்குக் கமிஷன் கொடுக்கக் காசிருக்கிறதல்லவா.

ஒதுக்கீட்டுப் பட்டியலை உங்களோடு வைத்துக்கொள்ளாமல் வெளியே போடுங்கள். 5 சதவீதத்தைத் தொட்டால்தான் ஃபண்ட் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதால், 4.9 எடுத்தவர் யாரென்று எங்களுக்குத் தெரிவதே இல்லை. ஆண்டறிக்கையின் முதல் இருபது பேர் பட்டியலைப் புரட்டினால் உண்மையான உரிமையாளருக்குப் பதிலாக ஏதோ வங்கியின் நாமினி பெயர்தான் நிற்கிறது. எந்த ஃபண்ட், எத்தனை பங்கு, என்ன விலை என்று ஹால்ட் முடிகிற அன்றே ஒரு பக்க அறிவிப்பாக வந்தால் போதும்.

இப்படிக்கு,
பெர்த்திலிருந்து ஒரு பங்குதாரர்