மச்சான், அன்று ராத்திரி நான் சொன்னது பொய்

அன்புள்ள மச்சானுக்கு,

போன வாரம் நீ அனுப்பிய வீடியோவை இதுவரை பதினைந்து தடவையாவது பார்த்திருப்பேன். ஒன்பதாம் வகுப்புப் பையன், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, நம்ம மெட்டல் பேண்ட் மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாட்டைக் கிட்டாரில் வாசிக்கிறான். பின்னால் கொடியில் துணி காய்கிறது. கீழே நீ எழுதியிருந்தாய்: "நீங்க இவங்களை நேர்ல பாத்திருக்கீங்களாப்பான்னு கேட்டான். கேட் வரைக்கும் போயிருக்கேன்டான்னு சொன்னேன்."

படித்ததும் சிரித்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

2011 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் மெட்டாலிகா வாசித்து முடித்த கொஞ்ச நேரத்தில் நீ போன் செய்தாய். "எப்படிடா இருந்தது?" என்று ஒரே கேள்வி. நான் சொன்ன பதில் எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது: "சவுண்ட் சொதப்பல்டா. கூட்டம் வேற. சுமார்தான். நீ பெருசா எதுவும் மிஸ் பண்ணலை." நீ "சரி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். பதினான்கு வருஷமாக நாம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

அது பொய் என்று உனக்கு அப்போதே தெரிந்திருக்கும். 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் என்ற இன்னொரு மெட்டல் பேண்ட் பெங்களூருவில் வாசித்ததைப் பார்க்கப் போகும்போது பிருந்தாவன் எக்ஸ்பிரஸில், ஆளுக்கொரு கறுப்பு டி-ஷர்ட்டோடு அறிமுகமானவர்கள் நாம். சென்னைக்குத் திரும்பி வந்து ஒரு மாதம் அந்த ஒரு ராத்திரியைப் பற்றியே பேசித் தீர்த்தோம். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் யார் சிரித்தார் என்பது வரைக்கும். உன் வீட்டில் இரண்டு பேருக்கும் வைத்தியம் பார்க்கலாமா என்று யோசித்தார்கள். அப்படிப்பட்ட நான் மெட்டாலிகாவைப் பார்த்துவிட்டு "சுமார்தான்" என்று ஒரு வரியில் முடித்தால் எவன் நம்புவான்?

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, நீ குர்கான் லெஷர் வேலியில் நின்றுகொண்டிருந்தாய். 1981இல் ஆரம்பித்த பேண்ட். முப்பது வருஷம் கழித்து முதல் தடவையாக இந்தியாவில் வாசிக்கப் போகிறார்கள், அதுவும் நீ அப்போது இருந்த ஊரில். இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்தை ஒட்டி வைத்த கொண்டாட்டம் அது. கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, தங்கச்சியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, அரை நாள் லீவு போட்டுப் போனாய். மேடைக்கு முன்னால் இருந்த தடுப்பு உடைந்தது. பாதுகாப்பு இல்லை, நாளைக்கு வாசிப்பார்கள் என்றார்கள். கொதித்துப்போன கூட்டம் மேடையில் ஏறிக் கையில் கிடைத்ததை எல்லாம் உடைத்தது. அப்புறம் நாளைக்கும் கிடையாது என்றானது. ஞாயிற்றுக்கிழமை கிரேட்டர் நொய்டாவில் பந்தயம் ஒழுங்காக நடந்தது, வெட்டல் ஜெயித்தார். அதே நாள் நான் பெங்களூருவில் இருந்தேன்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன்.

தரையெல்லாம் சேறு. ஷூவைத் தூக்கி வைத்தால் பாதி மண் கூடவே வந்தது. நான் நின்றது சவுண்ட் கன்சோலுக்கு இடதுபக்கம், கொஞ்சம் முன்னால். மேடை விளக்கெல்லாம் அணைந்தது. அவர்கள் மேடையேறுவதற்கு முன்னால் ஒரு பழைய கௌபாய் படத்துக்கு என்னியோ மோரிக்கோனே போட்ட இசையை ஒலிக்கவிடுவார்கள்; 1983இலிருந்து அதுதான் வழக்கம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். திரையில் அந்தக் கல்லறைக் காட்சி. ஒருத்தன் ஓடுகிறான், ஓடிக்கொண்டே இருக்கிறான். பாடுவதற்கு அதில் வார்த்தையே கிடையாது. ஆனாலும் மொத்த மைதானமும் பாடியது மச்சான். "ஓ... ஓ..." என்று, நம்மூர் கோவிலில் தேர் நிலையை விட்டு நகரும்போது எழும்புமே, அந்த மாதிரி. எனக்கு முன்னால் நின்ற ஆளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், சட்டையை பேண்ட்டுக்குள் விட்டிருந்தார், ஆபீஸிலிருந்து நேராக வந்தவர் போல. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மழையினால் அல்ல.

அந்த நேரத்தில் உன்னை நினைத்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை வேறு. கடைசியில் 'சீக் அண்ட் டிஸ்ட்ராய்' முடிந்து மைதானத்து விளக்கெல்லாம் எரியும் வரைக்கும் உன்னை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. மன்னித்துவிடு.

சவுண்ட் சொதப்பல் என்று சொன்னேனே, அதில் கால்வாசி உண்மை உண்டு. முதல் இரண்டு பாட்டில் கிட்டார் எல்லாம் ஒரே கூழாக இருந்தது. காலி மைதானத்தில் டெஸ்ட் செய்துவைத்த சவுண்ட் ஆட்கள் நிறைந்ததும் மாறிவிடும். மேல் ஸ்தாயியை எல்லாம் உடம்புகள் விழுங்கிவிட, அடியில் பேஸ் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். கன்சோலில் இருப்பவர் வாசிப்பு நடக்கும்போதேதான் சரிசெய்ய வேண்டும், செய்தார். 'ஒன்' ஆரம்பிக்கும்போது இருட்டில் ஹெலிகாப்டர் சத்தம், துப்பாக்கிச் சத்தம். அப்புறம் அந்த ஒற்றை கிட்டார் இழை வந்தது. கண்ணாடி மாதிரி அவ்வளவு சுத்தம். பாட்டின் பின்பாதியில் டிரம்மர் லார்ஸின் இரட்டை பேஸ் டிரம் அடிக்கத் தொடங்கியதும், அதை நான் காதால் கேட்டதாகச் சொல்ல மாட்டேன். விலா எலும்பில் கேட்டது.

'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' வந்தபோது பெரிய திரையில், பாடிக்கொண்டே கிட்டார் வாசிக்கும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் வலது கையைக் காட்டினார்கள். அதே பேரில் வந்த ஆல்பத்தை நாம் 60 நிமிட கேசட்டில் பதிவுசெய்து, ரிப்பன் வழுக்கும் வரை கேட்டோமே. பக்கத்துக்கு நான்கு பாட்டு, அளவெடுத்த மாதிரி உட்காரும். அத்தனை வருஷம் கேட்டும் எனக்குப் புரியாதது அன்று ஒரு நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. நிமிடத்துக்கு 200 தாளத்துக்கு மேல் போகிற பாட்டு, ஆனால் அந்தக் கை மேலே போகும்போது தந்தியைத் தொடவே இல்லை. எல்லா அடியும் கீழ்நோக்கி. ஆசாரி உளியில் தட்டுவது போல, ஒரே சீராக. முகத்தில் எந்தச் சிரமமும் இல்லை. அந்தப் பாட்டு ஏன் அவ்வளவு கோபமாகக் கேட்கிறது என்றால், அந்தக் கைதான் காரணம்.

முடிந்ததும் மேக்ரி சர்க்கிள் பக்கம் நடந்தோம். ஆட்டோ கிடைக்கவில்லை, கிடைத்தாலும் யாரும் ஏறியிருக்க மாட்டார்கள். ஒரு டீக்கடையைச் சுற்றி இருபது முப்பது பேர். யாரும் யாருக்கும் அறிமுகமில்லை, எல்லோருக்கும் தொண்டை கட்டியிருந்தது, காது அடைத்திருந்ததால் எல்லோரும் கத்தித்தான் பேசினோம். ஒவ்வொருத்தரும் வேறு வேறு கச்சேரி பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்! கவுகாத்தியிலிருந்து நாள் கணக்கில் ரயிலில் வந்த இரண்டு பையன்கள், கிட்டாரிஸ்ட் கிர்க் ஒரு சோலோவில் தப்பு விட்டார் என்று சத்தியம் செய்தார்கள். தப்பே இல்லை, வேண்டுமென்றே மாற்றி வாசித்தார் என்றான் கோயம்புத்தூர் இன்ஜினியரிங் மாணவன். குட்டையாக இருந்த ஒரு பெண், தான் மொத்த நிகழ்ச்சியையும் முன்னால் நின்றவன் உயர்த்திப் பிடித்த போன் திரையில்தான் பார்த்ததாகச் சொல்லிச் சிரித்தாள். ஒருத்தன் பதிவு செய்ததை எல்லோருக்கும் போட்டுக்காட்டினான். மிக்ஸியில் சரளைக்கல்லைப் போட்ட சத்தம். அதையும் பயபக்தியோடு கேட்டோம். டீக்கடைக்காரர் கன்னடத்தில் ஏதோ கேட்டார், ஒருவர் மொழிபெயர்த்தார், "இவ்வளவு பேர் கத்துனீங்களே, என்ன கோரிக்கை?"

இதில் ஒருத்தன் மட்டும் பேசவில்லை. டெல்லிப் பையன். வெள்ளிக்கிழமை உன்னைப் போலவே குர்கானில் நின்றவன். சனிக்கிழமை விமானம் பிடித்து வந்து, எப்படியோ ஒரு டிக்கெட் வாங்கிவிட்டான். எப்படி இருந்தது என்று அவனைக் கேட்டோம். "என்கூட குர்கானுக்கு வந்த நாலு பேர் ஊர்லயே இருக்காங்க. அவங்ககிட்ட என்ன சொல்றதுன்னு யோசிக்கிறேன்" என்றான்.

சரியாக அப்போதுதான் உன் போன் வந்தது. பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் "சுமார்தான்" என்றேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அதற்கு அரை மணி நேரம் முன்னால், கேட்டுக்கு வெளியே நடைபாதையில் டி-ஷர்ட் விற்றுக்கொண்டிருந்தவரிடம் பேரம் பேசி இரண்டு வாங்கியிருந்தேன். ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. சுமாரான கச்சேரிக்கு எவனாவது டி-ஷர்ட் வாங்குவானா? அனுப்பினால் மாட்டிக்கொள்வேன் என்று அனுப்பவே இல்லை. என்னுடையது கிழிந்து தரை துடைக்கப் போய்ப் பல வருஷம் ஆகிறது. உன்னுடையது பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், அந்துருண்டை வாசனையோடு அப்படியே இருக்கிறது. வீடு மாற்றும்போதெல்லாம் என் மனைவி "இது யாருது?" என்பாள், நான் பேச்சை மாற்றுவேன்.

பையனிடம் ஒன்று சொல். வீடியோவில் அவன் கை மேலும் கீழுமாகப் போகிறது. கீழ்நோக்கி மட்டும் அடிக்கச் சொல். முதலில் மெதுவாக, பாதி வேகத்தில். முன்னங்கை வலிக்கும்.

டி-ஷர்ட் எல் சைஸ். உனக்கு இனிமேல் ஏறாது, அவனுக்குச் சரியாக இருக்கும். புது வீட்டு முகவரியை அனுப்பு, கூரியரில் போடுகிறேன். நடைபாதைச் சரக்கு, சாயம் போகும். முதல் தடவை தனியாக உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துவைக்கச் சொல் தங்கச்சியை. வேண்டாம், நீயே துவை.

அன்புடன்,
உன் மச்சான்