எபிமெரல் என்றால் எத்தனை நாள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம் ஸ்டோரி போல 24 மணி நேரத்தில் மறைந்துபோகும் பதிவுகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால் அவற்றைக் குறிக்கும் 'எபிமெரல்' என்ற ஆங்கிலச் சொல் ஏதோ செல்போன் கம்பெனிக்காரர்கள் உண்டாக்கிய புதுச்சொல் என்பதுபோல் ஒரு வரி போகிறபோக்கில் வந்துவிட்டது. அந்த வரியைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. நான் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கட்டுத்தரைகளில் நின்று வேலைக்காலம் முழுக்க நான் உச்சரித்த சொல் அது.

மாட்டுக்கு எபிமெரல் ஃபீவர் என்று ஒரு காய்ச்சல் உண்டு. விவசாயிகள் அதை மூணு நாள் காய்ச்சல் என்பார்கள். மழைக்காலத்தில் கொசுவும் அதைவிடப் பொடியான கடிபூச்சிகளும் பெருகும்போது அவை பரப்பும் வைரஸ் இது. முந்தின நாள் சாயங்காலம் நன்றாகத் தீனி தின்ற மாடு காலையில் நடுங்கிக்கொண்டு நிற்கும். தெர்மாமீட்டரில் 105, 106 டிகிரி காட்டும். முதலில் ஒரு காலை நொண்டும், கொஞ்ச நேரம் கழித்து வேறு காலை நொண்டும். வாயில் எச்சில் ஒழுகும். மறுநாள் படுத்துவிடும், தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, எழுப்பினால் எழுந்திருக்காது. "டாக்டரம்மா, மாடு எந்திரிக்குமுங்களா?" என்று வீடே கூடி நின்று கேட்கும். மூன்றாம் நாள் பெரும்பாலும் தானாகவே எழுந்து நிற்கும். கால்சியம் ஊசி போட்டதும் எழுந்துவிட்டால் பெயர் நமக்கு வரும். அதற்குள் யாராவது பதறிப்போய்க் கஷாயத்தை வாயில் ஊற்றிவிட்டால்தான் ஆபத்து. அந்த நேரத்தில் மாட்டுக்கு விழுங்கும் சக்தி குறைந்திருக்கும், ஊற்றியது நுரையீரலுக்குப் போய்விடும். (இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் மாடு வளர்ப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.)

காய்ச்சல் மூன்று நாள்தான். பால் அப்படி இல்லை. நல்ல கறவையாக இருந்தால் அந்த ஈத்து (கன்று போட்டுக் கறக்கிற காலம்) முடியும்வரை பழைய அளவுக்குத் திரும்பாமலே போகலாம். ஈத்தின் கடைசிப் பகுதியில் இருக்கும் மாடு மொத்தமாகவே வற்றிவிடுவதும் உண்டு. சொசைட்டியில் பால் ஊற்றுகிறவருக்கு அந்த மூன்று நாளின் கணக்கு பல மாதம் ஓடும். கொழுத்த, நன்றாகக் கறக்கிற மாட்டைத்தான் இந்த நோய் அதிகமாகப் படுக்க வைக்கும் என்பது இன்னொரு கொடுமை.

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போதே எனக்கு ஒரு கேள்வி. எபிமெரல் என்றால் 'ஒரு நாளைக்கானது' என்று அகராதி சொல்கிறது. எபி என்றால் மேல், ஹெமெரா என்றால் நாள், கிரேக்கம். அப்புறம் எப்படி மூன்று நாள் காய்ச்சலுக்கு அந்தப் பெயர்? பணி ஓய்வுக்குப் பின்தான் இதைத் தேடிப் படிக்க நேரம் வாய்த்தது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் நுழைந்ததே காய்ச்சலாகத்தான். பழைய கிரேக்க மருத்துவர்கள் காய்ச்சலை நாள் கணக்கு வைத்துப் பிரித்தார்கள். ஒரே நாளில் வந்து போவதற்கு எபிமெரா என்று பெயர். லத்தீன் மருத்துவ நூல்கள் வழியாக 14-ம் நூற்றாண்டின் கடைசியில் அது ஆங்கிலத்துக்கு வந்தது. பூச்சிக்கும் பூவுக்கும் அந்தப் பெயரை நீட்டியது பிறகு, 17-ம் நூற்றாண்டில். மாட்டுக் காய்ச்சலுக்குப் பெயர் வைத்தவர்கள் நாளை எண்ணிப் பார்க்கவில்லை போலிருக்கிறது; சீக்கிரம் போய்விடுவது என்ற அளவில் எடுத்துக்கொண்டார்கள்.

பூச்சிக்கு இந்தப் பெயர் ஆங்கிலத்தில் பிந்தி வந்தாலும் கிரேக்கத்தில் முன்பே இருந்தது. ஹிப்பானிஸ் என்ற ஆற்றில் (இன்றைய உக்ரைனில் ஓடுவது என்பார்கள்) கோடையின் நடுவில் திராட்சையைவிடப் பெரிய பைகள் மிதந்து வரும், அவை வெடித்து இறக்கையுள்ள பூச்சி வெளியே வரும், சாயங்காலம்வரை பறந்து சூரியன் மறையும்போது செத்துவிடும் என்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். அதற்கு நான்கு கால் என்றும் எழுதினார். அவர் சொன்ன பூச்சி எது என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், இன்று அந்தப் பெயரைத் தாங்கி நிற்பது ஆங்கிலத்தில் மேஃப்ளை எனப்படும் இனம். ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-ல் அந்தப் பேரினத்துக்கு எபிமெரா என்றே பெயர் சூட்டினார். அதற்கு ஆறு கால்தான். ஆனால் உட்காரும்போது முன்னங்கால் இரண்டையும் முன்னால் தூக்கி நீட்டிக்கொள்ளும், எண்ணுகிறவர் ஏமாறலாம். வளர்ந்த பூச்சிக்குச் சாப்பிட உதவும் வாய் கிடையாது, குடலில் காற்றுதான். ஆனால் இந்த ஒரு நாள் பூச்சி அதற்குமுன் தண்ணீருக்கடியில் குஞ்சாக மாதக்கணக்கில், சில இனங்களில் ஓர் ஆண்டுக்கு மேலேயே, தின்று வளர்ந்திருக்கிறது. நம் கண்ணில் படுகிற நாளை மட்டும் வைத்து அதற்கு ஆயுள் எழுதிவிட்டோம்.

பிண்டார் என்ற பழைய கிரேக்கக் கவிஞர் மனிதர்களையே 'எபமெரோய்' என்று அழைத்தார். ஒரு நாள் பிராணிகளே என்றுதான் வழக்கமாக மொழிபெயர்க்கிறார்கள். 1946-ல் ஹெர்மன் ஃப்ராங்கல் என்ற அறிஞர், பிண்டார் சொன்னது சீக்கிரம் சாகிறவர்கள் என்ற பொருளில் அல்ல, அன்றன்றைய நாள் எப்படி விடிகிறதோ அதற்கு ஆட்பட்டவர்கள் என்ற பொருளில்தான் என்று வாதிட்டார். கிரேக்கம் தெரியாத எனக்கு இதில் தீர்ப்புச் சொல்லத் தகுதியில்லை. ஆனால் மானாவாரி விவசாயிகளோடு பழகியவள் என்ற முறையில் என் ஓட்டு ஃப்ராங்கலுக்கே.

நம் ஜோதிடர்கள் கையில் இருக்கும் எபிமெரிஸும் இதே குடும்பம்தான். நாள்தோறும் எந்தக் கிரகம் எங்கே என்று சொல்லும் அட்டவணை. நாள்குறிப்பாகத் தொடங்கிய சொல் அட்டவணை ஆனது. 1474-ல் ஜெர்மன் வானியலாளர் ரெஜியோமொன்டானஸ் நியூரம்பர்கில் அச்சிட்டது அடுத்த 30 ஆண்டுகளுக்கும் மேலான கிரக நிலைகளைக் கொண்டது. உங்கள் போனுக்கு ஜிபிஎஸ் செயற்கைக்கோள் அனுப்பும் தகவலுக்கும் இன்றுவரை அதே பெயர்தான். அது சுமார் நான்கு மணி நேரத்துக்குச் செல்லும்.

இனி உங்கள் தொழிலுக்கு வருகிறேன். பத்திரிகைக்கும் இந்தச் சொல்லுக்கும் 1751-லேயே உறவு ஏற்பட்டுவிட்டது. அகராதி தந்த சாமுவேல் ஜான்சன், வாரம் இருமுறை வெளிவந்த தன் 'ராம்ப்ளர்' இதழில், அன்றாடத் தாள்களை 'கல்வியின் எபிமெரா' என்று குறிப்பிட்டார். நக்கலாக அல்ல. சாதாரண வாழ்க்கைக்கு, ஆடம்பரமான நிலைத்த நூல்களைவிட இந்த ஒரு நாள் தாள்கள் அதிகம் பயன்படுகின்றன என்பது அவர் கட்சி. அதற்குப் பின்னால் அந்தச் சொல் எல்லா அச்சுத் துண்டுகளுக்கும் பரவியது: டிக்கெட், துண்டுப் பிரசுரம், விலைப்பட்டியல், லேபிள், அழைப்பிதழ். இன்னொரு ஜான்சன், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் பொறுப்பில் இருந்த ஜான் ஜான்சன், உபயோகித்து முடிந்ததும் குப்பைக்கூடைக்குப் போகிற எல்லாவற்றையும் சேர்ப்பது என்று கிளம்பினார். அவர் சேர்த்தவை 1968-ல் போட்லியன் நூலகத்துக்குப் போயின. பத்து லட்சத்துக்கும் மேல். மாரிஸ் ரிக்கார்ட்ஸ் 1975-ல் லண்டனில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். நம்மிடமும் ஆள் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்தார். அவர் 1992-ல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கி, நல்லவேளையாகச் சென்னையிலேயே நூலகமாக வைத்தது.

என்னிடமும் ஒரு கட்டு இருக்கிறது. கண்ணபுரம் மாரியம்மன் கோவில் தேர்த்திருவிழா மாட்டுச் சந்தை, அந்தியூர் குருநாதசாமி கோவில் பண்டிகைச் சந்தை, கால்நடை முகாம்கள் ஆகியவற்றின் பிட் நோட்டீஸ்கள். சேகரிக்க வேண்டும் என்று நினைத்து எடுத்து வைத்தவை அல்ல. பின்பக்கம் காலியாக இருக்கும், தடுப்பூசிக் கணக்கை அதில் எழுதுவேன், அப்படித் தங்கிப்போனவை.

இந்த நோட்டீஸ்களில் ஒரு வேடிக்கை, ஆண்டு இருக்காது. 'வருகிற வெள்ளிக்கிழமை' என்றிருக்கும். படிக்கிறவனுக்கு எந்த வெள்ளி என்று தெரியுமே. 1867-ம் ஆண்டு அச்சகச் சட்டம், அச்சடித்தவர் பெயரும் ஊரும் போடச் சொன்னது, ஆண்டைக் கேட்கவில்லை. அதனால் அடியில் பிரஸ் பெயர் பொடி எழுத்தில் ஒழுங்காக இருக்கும், காலம் மட்டும் தெரியாது. தமிழ் வருடப் பெயர் போட்டிருந்தால் அறுபதில் ஒன்று என்று பிடிக்கலாம். இல்லையென்றால் துப்பறிய வேண்டும். ஊருக்குப் பக்கத்தில் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பின். மாவட்டம் இன்னும் நல்ல சாட்சி. காங்கேயம் முதலில் கோவை மாவட்டம், 1979-ல் பெரியார் மாவட்டம், பிறகு அதுவே ஈரோடு என்று பெயர் மாறியது, 2009-ல் திருப்பூர். இடத்தை விட்டு நகராமலே நான்கு பெயர். 'பெரியார் மாவட்டம்' என்றிருக்கும் நோட்டீஸ் எந்தக் காலத்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

அதைவிட முக்கியம் பரிசுப் பட்டியல். என்னிடம் உள்ள ஒரு ரோஸ் தாளில் காளைகளுக்கு மயிலை, செவலை, காரி என்று நிறம் பிரித்து, இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என்று வயது பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பரிசு போட்டிருக்கிறது. அத்தனை பிரிவு வைத்தார்கள் என்றால் ஒவ்வொன்றிலும் போட்டிக்கு மாடு வந்திருக்கிறது என்று அர்த்தம். பிந்தைய தாள் ஒன்றில் 'சிறந்த காங்கேயம் காளை' என்று ஒரே வரி. நாட்டு மாடு எப்படிக் குறைந்தது என்று கேட்டு வரும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு, நான் படித்த எந்த அறிக்கையையும்விட இந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதுதான் எனக்குச் சுலபமாக இருக்கிறது.

செல்போன் பதிவுகளைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. 24 மணி நேரம் என்பது பழைய கிரேக்கக் கணக்குக்கே திரும்பிப் போனது. அதில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் மறையும் என்று கம்பெனி சொன்னதை நம்பிக் கட்டுரையாளரும் மறையும் என்றே எழுதுகிறார். படங்கள் மறைந்துவிடும் என்று விளம்பரம் செய்த ஸ்னாப்சாட் மீது, அவற்றைப் பிறர் எடுத்து வைத்துக்கொள்ளப் பல வழிகள் இருந்ததைச் சுட்டி, அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2014-ல் புகார் எடுத்து, சமரசத்தில் முடித்தது. மறைய வேண்டும் என்று நினைத்தது மறைவதில்லை, இருக்க வேண்டியதைத்தான் கரையான் தின்கிறது.

என் கோரிக்கை இதுதான். உங்கள் பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றி வருகிறீர்கள். சந்தா கட்டி நானும் பார்க்கிறேன். முதல் பக்கம், தலையங்கம், செய்திகள் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. ஆனால் வரி விளம்பரப் பக்கத்தையும் மாவட்ட இணைப்பையும் காணோம். நான் தேடியது ஒரு தலையங்கமும் அல்ல. கோமாரித் தடுப்பூசி முகாம் எந்த ஊரில் என்றைக்கு என்ற இரண்டு அங்குல அறிவிப்பு, சந்தையில் ஒரு ஜோடி மாடு என்ன விலைக்குப் போனது என்ற ஐந்து வரிச் செய்தி, இவற்றைத்தான். தலையங்கத்தை எத்தனையோ பேர் வெட்டி வைத்திருப்பார்கள். 'கறவை மாடு விற்பனைக்கு, மூன்றாம் ஈத்து, நேரில் பார்க்கவும்' என்பதை யார் வைத்திருப்பார்கள்? உங்களிடம் பைண்டு செய்த தொகுப்பில் அந்தப் பக்கங்களும் இருக்கத்தானே வேண்டும்? பக்கம் அதிகமாகும், செலவு கூடும் என்பது தெரிகிறது. எல்லா மாவட்டத்துக்கும் ஒரேயடியாக முடியாவிட்டால் ஒரு மாவட்டத்தில் தொடங்குங்கள். கொங்குப் பக்கம் என்று எடுத்துக்கொண்டால் பக்கங்களைச் சரிபார்த்து, எந்த ஊர் எந்த மாவட்டத்தில் எப்போது இருந்தது என்று குறித்துத் தர நான் தயார். சம்பளம் வேண்டாம்.

என்னிடம் உள்ள நோட்டீஸ்களை ஸ்கேன் செய்யவும் தருகிறேன். சிலவற்றில் கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டியது பழுத்து எழுத்தையே தின்றுவிட்டது; அவற்றை முதலில் எடுத்துக்கொண்டால் நல்லது. யாரிடம், எந்தப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிவிக்கவும். தபாலில் போட மனம் வரவில்லை, யாராவது வந்தால் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
காங்கேயம்.